பூச்சியத்துக்குக் கீழே பெய்த மழை

அந்தத் தை மாதக் காலையில் நான் பஸ்ஸை நிறுத்திய இடத்தில் வீதி கொஞ்சமும் வழுக்கவில்லை. உப்புப் போட்ட தார், அதன்மேல் மழைத்தண்ணீர், அவ்வளவுதான். பின்னால் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நான் ஏன் நிற்கிறேன் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. எனக்கே முழுதாக விளங்கியிருந்தது என்று சொல்லமாட்டேன்.

ஒஸ்லோவில் நான் பதினோரு வருடமாகப் பஸ் ஓட்டுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணம் கட்டி இங்கே வந்தபோது சைக்கிள் மட்டும்தான் ஓடத் தெரியும். முதலில் முதியோர் இல்லமொன்றில் துப்புரவு வேலை. பிறகு பின்னேர வகுப்பில் பள்ளிப் படிப்பை முடித்தேன். அதற்குப் பிறகுதான் லைசென்ஸ் எடுத்தேன். வீடு ஹவுகன்ஸ்டுவாவில், பள்ளத்தாக்கின் அடியில், அடுக்குமாடியின் நாலாம் மாடி. என் கணவருக்குப் பேக்கரியில் இரவு வேலை. அவர் வந்து படுக்கும் நேரத்தில் நான் வெளிக்கிடுவேன். அன்று என் பாதை எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து மேட்டுக் குடியிருப்புகளுக்கு ஏறி, மறுபக்கத்தில் நீண்ட சரிவொன்றால் திரும்பவும் ரயில் நிலையத்துக்கு இறங்குவது. சரிவின் மேற்பகுதியில் ஒரு வளைவு இருக்கிறது. பனிக்காலத்தில் அந்த வளைவை எந்தச் சாரதிக்கும் பிடிக்காது. நாங்கள் ஓட்டுவது நடுவில் மடியும் இரட்டைப் பஸ். முன்பகுதி சொன்னபடி கேட்டாலும், பின்பகுதி தன்பாட்டில் போகப் பார்க்கும்.

ஒரு கிழமையாகக் கடும் குளிர். காற்று அசையவில்லை. ஐந்தே முக்காலுக்கு நான் வீட்டை விட்டு இறங்கியபோது மைனஸ் ஏழு. தனி வீடுகளில் விறகு எரித்த புகை ஒரு தென்னை உயரத்துக்கு நேராக எழும்பி, கூரையில் முட்டியதுபோல அங்கேயே பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. பார்த்தேன். ஆனால் பெரிதாக எடுக்கவில்லை. முதல் இரண்டு ஓட்டமும் பிரச்சினையின்றிப் போயின. மூன்றாவது ஓட்டத்தில்தான் என் கண் வெப்பநிலை காட்டும் திரையில் விழுந்தது. கீழே மைனஸ் ஐந்து. பாதி ஏற்றத்தில் மைனஸ் இரண்டு. உச்சிக்கு வந்தபோது பிளஸ் ஒன்று. கண்ணாடியில் ஒரு துளி விழுந்தது. பிறகு இன்னொன்று. வைப்பரைப் போட்டேன். பனி இல்லை, மழை.

மேலே போகப் போகக் குளிரும் என்பதுதான் எல்லாரும் அறிந்தது. அன்று அது தலைகீழாக இருந்தது.

அது எனக்குத் தெரிந்திருந்ததற்குக் காரணம் என் கெட்டித்தனம் இல்லை. பின்னேர வகுப்பில் இயற்கை விஞ்ஞானப் பாடத்துக்கு வாய்மொழிப் பரீட்சை இருந்தது. எனக்கு விழுந்த தலைப்பு வளிமண்டலம். தொடக்கத்தில் நன்றாகத்தான் சொன்னேன். வெயில் காற்றை நேரே சூடாக்குவது குறைவு. அது நிலத்தைச் சூடாக்க, நிலம் தன்னோடு ஒட்டிக் கிடக்கும் காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று இலேசாகி மேலே கிளம்புகிறது. மேலே அமுக்கம் குறைவு என்பதால் அது விரிகிறது. விரிகிற காற்று குளிர்கிறது. குளிர்ந்தால் அதில் இருக்கும் நீராவி தூசியிலும் உப்புத் துகளிலும் ஒட்டிச் சின்னத் துளிகளாகிறது. அதுதான் முகில். பரீட்சகர் தலையாட்டினார். பிறகு ஒரு படத்தை என் முன் வைத்தார். பள்ளத்தாக்கு ஒன்று. அடியில் நீலம், நடுவில் சிவப்பு, மேலே திரும்பவும் நீலம்.

"நீண்ட குளிர்கால இரவில் நிலம் தன் சூட்டை இழக்கிறது. அதைத் தொட்டிருக்கும் காற்றுத்தான் மிகவும் குளிர்கிறது. குளிர்ந்த காற்று பாரமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். அதன் மேலே கடல் பக்கமிருந்து இளஞ்சூடான காற்று வந்து படுக்கிறது. இப்போது மேல் முகிலிலிருந்து ஒரு பனித்துகள் விழுகிறது. அதற்கு என்ன நடக்கும்?"

"நடுவிலே உருகும்," என்றேன்.

"பிறகு?"

"மழையாகும்."

"பிறகு?"

சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பாஸ் பண்ணப் போதுமான, ஆகக் குறைந்த புள்ளியைப் போட்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வரும் ரயிலில் அந்தப் பக்கத்தை மூன்று தரம் வாசித்தேன். அடியில் கிடக்கும் குளிர்ந்த அடுக்கு மெல்லியதாக இருந்தால் துளிக்கு உறைய நேரம் போதாது. பூச்சியத்துக்குக் கீழே போயும் தண்ணீராகவே விழும். எதையாவது தொட்ட கணம் கண்ணாடியாகும். கம்பியோ, கிளையோ, தாரோ, அதற்கு எல்லாம் ஒன்றுதான்.

சரிவு தொடங்குவதற்கு முன் கடைசித் தரிப்பிடம் சமதரையில் இருக்கிறது. அங்கே நிறுத்தி, அவசர விளக்குகளைப் போட்டு, வீட்டுக்கு அழைத்தேன். நாலாவது தரம் மணி அடித்தபோது அவர் எடுத்தார்.

"இஞ்சேருங்கோ, எழும்புங்கோ. பல்கனிக்குப் போய் அந்தத் தெர்மோமீற்றரைப் பாருங்கோ."

"என்னப்பா? என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை. கெதியாப் பாத்துச் சொல்லுங்கோ."

கதவை இழுக்கும் சத்தம் கேட்டது. இன்னொரு தரம் பலமாக இழுத்தார்.

"கதவு இறுகிப் போச்சு. ஓம், மைனஸ் நாலு."

"மழையோ, பனியோ?"

"மழைதான். தூறுது. இஞ்சை கம்பியிலை கை வைச்சன், கண்ணாடி பூசினமாதிரிக் கிடக்கு."

"கீழை கார் பார்க் என்னமாதிரி?"

"ஒருத்தன் கார்க் கதவைத் திறக்கப் பாக்கிறான், திறபடேல்லை." கொஞ்சம் நிறுத்தினார். "ஐயோ, விழுந்திட்டான். நீ எங்கை நிக்கிறாய்?"

"மேலை நிக்கிறன். இறங்கேல்லை. நீங்கள் வெளியிலை போகாதேங்கோ."

போனை வைத்துவிட்டுக் கட்டுப்பாட்டு மையத்தை அழைத்தேன். ஒரு இளைஞனின் குரல். எனக்கு முன்னால் போன பஸ் பன்னிரண்டு நிமிடத்துக்கு முன் பிரச்சினையின்றி இறங்கியது என்றான். பன்னிரண்டு நிமிடத்துக்கு முன் மழை தொடங்கவில்லை என்றேன்.

"நீங்கள் நிற்கும் இடத்தில் எத்தனை பாகை?"

"பிளஸ் ஒன்று."

"பிளஸ் ஒன்றா?" அவன் சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பை அடக்கியது கேட்டது. "வழுக்குகிறது என்று யாரும் அறிவிக்கவில்லை. கவனமாகத் தொடருங்கள்."

"இல்லை. வீதிக்கு மணல் தூவும் வண்டி வரட்டும். அதுவரைக்கும் நான் இறங்கமாட்டேன்."

"மணல் வண்டிகள் எல்லாம் நெடுஞ்சாலையில் நிற்கின்றன. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகலாம்."

"ஆகட்டும்."

"உங்கள் முடிவு. எழுதிக்கொள்கிறேன்," என்றான்.

ஒலிபெருக்கியில் சொன்னேன். என் நொர்வேஜிய மொழி பதற்றத்தில் பிசகும். அன்றும் பிசகியது. பின்னாலிருந்து முணுமுணுப்பு. காதில் ஹெட்போன் மாட்டியிருந்த உயரமான ஒருவன் முன்னுக்கு வந்து கண்ணாடியால் எட்டிப் பார்த்தான். "ஐஸ் எங்கே? எனக்குத் தண்ணீர்தானே தெரிகிறது," என்றான். நான் திரையில் தெரிந்த பிளஸ் ஒன்றைக் கையால் மறைக்க விரும்பினேன். அது எனக்கு எதிரான சாட்சிபோல அங்கே ஒளிர்ந்துகொண்டிருந்தது.

முதல் ஆசனத்தில் ஒரு வயதான நொர்வேஜியர் இருந்தார். கிழமைக்கு மூன்று நாள் அதே ஆசனத்தில் வருபவர். மடியில் ஒரு துணிப்பை, அதற்குள் ஒரு போர்வை. மருத்துவமனையில் இரத்தம் சுத்திகரிக்கப் போகிறார் என்று முன்பே சொல்லியிருக்கிறார். அவர் சத்தம் போடவில்லை.

"எனக்கு எட்டரைக்கு அங்கே இருக்க வேண்டும். சனிக்கிழமை ஊசி சரிவரவில்லை, பாதியில் நிறுத்திவிட்டார்கள்." காற்சட்டையை இழுத்துக் கணுக்காலைக் காட்டினார். வீங்கிப்போய்ச் சப்பாத்துக்கு மேலே வழிந்து நின்றது. "ஒரு மணித்தியாலம் பிந்தலாம். நாலு மணித்தியாலம் எனக்குக் கஷ்டம். நீ நினைப்பது பிழை என்றால்?"

"பிழை என்றால் என்னில்தான் குற்றம்," என்றேன். அது அவருக்கு எந்த உதவியும் செய்யாத பதில் என்று சொல்லும்போதே தெரிந்தது.

பின் ஆசனத்திலிருந்து ஒரு இளம்பெண் எழுந்து வந்தாள். சிவப்பு ஜாக்கெட். தமிழ்நாட்டுப் பிள்ளை, கணினி வேலை. இரண்டு மாதமாக இந்தப் பாதையில் வருகிறாள், அந்த மேட்டில்தான் தோழி ஒருத்தியோடு தங்கியிருந்தாள். என் சட்டையில் இருந்த பெயரைப் பார்த்து முதல் நாளே தமிழில் கதைத்தவள். "உங்க தமிழ் கேக்க அவ்வளவு நல்லா இருக்குக்கா, ஆனா பாதி புரியல," என்று ஒருநாள் சிரித்தாள். எனக்கும் அவள் கதைக்கும் வேகத்தில் பாதிதான் பிடிபடும்.

"அக்கா, டோர் ஓப்பன் பண்ணுங்க. நான் நடந்து போயிடுறேன். கீழ ஸ்டேஷன் பத்து நிமிஷம்தானே?"

"வேண்டாம் பிள்ளை. வளைவுக்கு அங்காலை எல்லாம் ஐஸ். கால் வைக்கேலாது."

"ரோடு நல்லாதானே இருக்கு. ஒன்பது மணிக்கு எனக்கு மீட்டிங்க்கா. புரொபேஷன் முடியுது, வேலையில வச்சுக்குவாங்களா இல்லையான்னு இன்னைக்குத்தான் சொல்லுவாங்க. வீசா எல்லாம் அதுலதான் இருக்கு."

"ஆக்களுக்கு போன் பண்ணிச் சொல்லுங்கோவன்."

"பஸ் டிரைவர் நிறுத்திட்டாங்கன்னு சொல்லவா? வெளிய பார்த்தா மழை பெய்யுது, அவ்வளவுதானே."

அவளுடைய பூட்சைப் பார்த்தேன். அடி தட்டையான, அலுவலகத்துக்குப் போடும் கந்தோர்ப் பூட்ஸ். கிழவர் தன் சப்பாத்துக்குக் கீழே ரப்பரில் முள் பதித்த மாட்டியைப் போட்டிருந்தார். இந்த ஊரில் அந்த வயதுக்காரர் எல்லாரும் போடுவது. அவளிடம் அது இல்லை. நாங்கள் நிற்பது தரிப்பிடம். வளர்ந்த ஒருத்தி இறங்க வேண்டும் என்றால் நான் கதவைப் பூட்டி வைக்க முடியாது. அப்படித்தான் அந்த நேரம் எனக்குள் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு அலுப்பாகவும் இருந்தது. எல்லாரும் என்னைப் பிழையாகப் பார்க்கும்போது, ஒருத்தியாவது இறங்கிப் போனால் முகத்துக்கு முன்னால் நிற்கும் ஆள் ஒன்று குறையும். கதவைத் திறந்தேன்.

"அப்ப ஆறுதலாப் போங்கோ பிள்ளை. ஆறுதலா."

"தேங்க்ஸ்க்கா," என்று புன்னகைத்துவிட்டு இறங்கினாள். கிட்டத்தட்ட ஓடினாள். சிவப்பு ஜாக்கெட் வளைவுப் பக்கம் போய் மறைந்தது.

நாலைந்து நிமிடம் இருக்கும். பின்னாலிருந்து ஒரு வெள்ளை வான் வந்தது. பார்சல் கொண்டு திரிவது. நான் ஹோர்ன் அடித்தேன், கையைக் காட்டினேன். நான் அவனுக்கு வழிவிடுகிறேன் என்று நினைத்திருப்பான். கையை உயர்த்தி நன்றி சொல்லிக்கொண்டே கடந்து சரிவில் இறங்கினான். வானின் பின் சிவப்பு விளக்குகள் எரிந்தன. பிறகு அவை இடப்பக்கம் நகர்ந்தன. பிறகு அந்த இடத்தில் இரண்டு வெள்ளை விளக்குகள் எங்களைப் பார்த்தன. வான் முழுதாகச் சுற்றிக்கொண்டு, எந்தச் சத்தமும் இல்லாமல், பின்பக்கமாக வளைவுக்குள் போனது. அதற்குப் பிறகு பொத்தென்று ஒரு சத்தம்.

ஹெட்போன்காரன் ஹெட்போனைக் கழற்றினான்.

எனக்கு மனதில் ஒன்றுதான் ஓடியது. அவள் அந்தப் பக்கத்தில்தான் நடக்கிறாள்.

மையத்தை அழைத்து, கீழே ஒரு பெண் நடந்து போயிருக்கிறாள், பார்க்கப் போகிறேன் என்றேன். பயணிகளை விட்டு இறங்கக்கூடாது என்றான் அந்த இளைஞன். அம்புலன்ஸ் அனுப்புங்கள் என்றேன். கேட்டுவிட்டுத் திரும்பி வந்தான். அம்புலன்ஸும் சரிவின் அடியில் நிற்கும், மணல் போடாமல் ஏறாது என்றான். இப்போது அவன் குரலில் சிரிப்பு இல்லை. "என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று கேட்டான். நான் சாவியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

திரும்பிப் பார்த்தால் கிழவர் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டு தன் முள் மாட்டிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். வீங்கிய காலிலிருந்து அவை இலகுவில் வரவில்லை.

"உனக்குப் பெரிது. முன்பக்கம் இழுத்து இறுக்கு," என்று நீட்டினார். "வீதியிலும் நடைபாதையிலும் கால் வைக்காதே. ஓரத்தில் பனியை வழித்துக் குவித்திருக்கிறார்களே, அதில் நட."

ஹெட்போன்காரனிடம் மேலேயிருந்து வரும் வாகனங்களை மறிக்கச் சொன்னேன். அவன் ஒன்றும் கேட்காமல் போன் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு வீதிக்கு இறங்கினான்.

முதல் இருபது முப்பது அடிக்கு ஒன்றும் இல்லை. ஈரமான மென்காற்று கன்னத்தில் பட்டது. வசந்தம் வந்துவிட்டதுபோல ஒரு மணம். நான் பிழை விட்டுவிட்டேனோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பிறகு காற்று நின்றது. இன்னும் பத்து அடியில் காது வலிக்கத் தொடங்கியது. மழை அதே மழைதான், ஆனால் என் ஜாக்கெட்டில் அது விழும் சத்தம் மாறியிருந்தது. கையை மடக்கினால் துணி முறுகியது. வேலி, தெருவிளக்குக் கம்பம், பேர்ச் மரத்துக் கிளைகள் எல்லாவற்றிலும் தடிப்பான ஒரு கண்ணாடி உறை. கிளைகள் பாரத்தில் வளைந்து, ஒன்றோடொன்று முட்டிக் கிணுகிணுத்தன. புத்தகத்தில் நீலமும் சிவப்புமாக வரைந்திருந்த கோட்டை நான் காலால் தாண்டியிருந்தேன்.

வீதியைப் பார்த்தேன். அது ஈரமாகத் தெரிந்தது, அவ்வளவுதான். முள் மாட்டிய ஒரு காலை மெல்ல வைத்துப் பார்த்தேன். முள் கீறிக்கொண்டு போனது. உடனே எடுத்துவிட்டேன்.

வளைவுக்கு வந்தபோது வான் வீதிக்குக் குறுக்கே நின்றது. பின்பகுதி பனிக்குவியலுக்குள். வான்காரன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நான் ஒருவரையும் இடிக்கவில்லை, ஒருவரையும் இடிக்கவில்லை," என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

"சிவப்பு ஜாக்கெட் போட்ட பெண் எங்கே?"

அவன் கையால் கீழே காட்டினான்.

வானிலிருந்து ஆறு ஏழு மீற்றர் தள்ளி, வீதியோரக் கல்லில் சாய்ந்து இருந்தாள். இடது கையை வலது கையால் நெஞ்சோடு பிடித்திருந்தாள். தலைமயிரில் துளிகள் மணிமணியாக உறைந்திருந்தன. என்னைக் கண்டதும் அழவில்லை. மிக வேகமாகக் கதைத்தாள்.

"விழுந்துட்டேன்க்கா. எந்திரிச்சா திரும்ப விழுறேன். மூணு வாட்டி. அப்புறம் அந்த வண்டி என்னைப் பாத்து வருது. பின்னாடியே வருது. என்னால நகர முடியலக்கா. ஒரு அடி நகர முடியல."

"சரி பிள்ளை, சரி. இப்ப நான் சொல்லுறதைக் கேளுங்கோ. எழும்பாதேங்கோ. இருந்தபடியே நகர்ந்து இந்தப் பனிக்குவியலுக்கு வாங்கோ."

என் சால்வையால் அவள் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டினேன். மணிக்கட்டு இருக்கவேண்டிய வடிவில் இல்லை. பனிக்குவியலின் மேற்பக்கத்திலும் ஐஸ் ஓடு பிடித்திருந்தது. நான் முன்னால் போய்க் குதிக்காலால் அதை உடைத்து ஒவ்வொரு குழியாக வெட்டினேன். அவள் முழங்காலிலும் ஒரு கையிலும் அந்தக் குழிகளில் ஏறினாள். வான்காரன் பின்னால் தவழ்ந்து வந்தான். எண்பது மீற்றர் இருக்கும். பாதி வழியில் மேலேயிருந்து ஒரு காரின் வெளிச்சம் தெரிந்தது. மூவரும் அப்படியே குவியலோடு ஒட்டிப் படுத்தோம். மேலே யாரோ கத்தும் சத்தம், கார்க் கதவு அடிபடும் சத்தம். வெளிச்சம் நின்றது. ஹெட்போன்காரன் வீதியின் நடுவில் நின்று மறித்திருக்கிறான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த குழிக்குக் கையை நீட்டினாள்.

பஸ்ஸுக்குள் வந்ததும் கிழவர் தன் போர்வையை எடுத்து அவளுக்குப் போர்த்தினார். அவருடைய மூச்சு எனக்குக் கேட்டது. போகும்போது அப்படிக் கேட்கவில்லை. முகம் வெளிறி, உதடு கொஞ்சம் நீலம் பாரித்திருந்தது. சன்னலோரம் நிமிர்ந்து இருந்தால்தான் இழுக்க முடிகிறது என்றார். மணி எட்டு நாற்பது. பத்து நிமிடத்துக்கு ஒருதரம் மையத்தை அழைத்தேன். அந்த இளைஞன் இப்போது என்னிடம் எத்தனை பாகை என்று கேட்கவில்லை. இரண்டு பஸ்கள் வேறு பாதைகளில் ஓரத்தில் ஏறிவிட்டன என்றான். ஒருவருக்கும் பெரிய காயமில்லை என்றான். பிறகு தானாகவே, "உங்கள் பக்கத்துக்கு ஒரு வண்டியைக் கேட்டு வாங்கியிருக்கிறேன்," என்றான்.

ஒன்பது இருபதுக்கு மணல் வண்டி கீழேயிருந்து வந்தது. பின்பக்கமாக ஏறி வந்தது. மணலைக் கொட்டும் பக்கம் முன்னுக்கு இருந்தால்தான் அது தான் போட்ட மணலிலேயே ஏறலாம். சுடுதண்ணீரில் கலந்த மணல். ஐஸில் விழுந்ததும் புகை எழும்பி, இறுகி, உப்புத்தாள் போல ஒட்டிக்கொண்டது. வானை ஓரத்துக்கு இழுத்துவிட்டு, என்னைப் பின்னால் வரச் சொன்னார்கள்.

அந்தச் சரிவை நான் ஆயிரம் தரம் இறங்கியிருப்பேன். ஒரு நிமிட வேலை. அன்று எட்டு நிமிடம். வளைவில் பின்பகுதி ஒருமுறை உதறியது. யாரோ மூச்சை இழுத்தார்கள். நான் பிரேக்கில் கால் வைக்கவில்லை. வைக்காதே, வைக்காதே என்று வாய்விட்டுத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று அவள் பிறகு சொன்னாள். பின்பகுதி திரும்பவும் நேரானது. ரயில் நிலையத்தடியில் அம்புலன்ஸ் நின்றது. கிழவரையும் அவளையும் ஒன்றாக ஏற்றினார்கள். கதவை மூடும்போது கிழவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணை மூடி மூச்சு விடுவதிலேயே குறியாக இருந்தார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்த வேண்டியிருந்தது.

அடுத்த கிழமை கந்தோரில் கூப்பிட்டார்கள். பயணிகளை விட்டுவிட்டுப் பஸ்ஸிலிருந்து இறங்கியதற்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை. கையெழுத்து வைத்தேன். சரிவில் இறங்காமல் நின்றதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. கடைசியில் மேலதிகாரி பேனையை மூடிக்கொண்டு, "பிளஸ் ஒன்றில் நின்றுகொண்டு எப்படி முடிவெடுத்தாய்?" என்று கேட்டார். அவருடைய தாளின் பின்பக்கத்தில் மூன்று அடுக்கு வரைந்து, ஒரு பனித்துகளை மேலேயிருந்து கீழே கொண்டுவந்தேன். இந்த முறை நடுவில் நிற்கவில்லை. வீட்டுக்கு அழைத்துப் பல்கனித் தெர்மோமீற்றரைப் பார்க்கச் சொன்னதையும் சொன்னேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் வீட்டுப் பல்கனித் தெர்மோமீற்றர் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டார்.

கிழவரை அன்றே மத்தியானம் இயந்திரத்தில் போட்டிருக்கிறார்கள். ஒரு இரவு மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். பத்து நாள் கழித்து அதே ஆசனத்தில் வந்து இருந்தார். முதல் வேலையாகத் தன் முள் மாட்டிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு, "அன்றைக்கு எனக்கு உன்னில் கோபம்," என்றார். "இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு இறங்கக்கூடாதுதான்." சரிவில் இறங்குவதைச் சொன்னாரா, பஸ்ஸிலிருந்து இறங்கியதைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

அவளைப் பார்க்கப் போக எனக்கு இரண்டு கிழமை எடுத்தது. கதவைத் திறந்தவள் நான்தானே. மோர்டென்ஸ்ருட்டில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில் அறை மாறிப் போயிருந்தாள். மணிக்கட்டில் தகடு வைத்துத் தைத்திருந்தார்கள். நான் கொண்டுபோன இடியப்பத்தையும் சொதியையும் ஒரு கையால் சாப்பிட்டாள். கந்தோரில் அவளை இன்னும் மூன்று மாதம் பார்த்துவிட்டுச் சொல்வதாகத் தள்ளிவைத்திருந்தார்கள்.

"நான் கதவைத் திறந்திருக்கக் கூடாது பிள்ளை," என்றேன்.

"நீங்க என்ன பண்ணுவீங்க? நான்தானே கேட்டேன்." பிறகு கொஞ்சம் யோசித்துச் சொன்னாள். "ஆனா ஒண்ணுக்கா. நீங்க ரெண்டு தடவை 'ஆறுதலாப் போ'ன்னு சொன்னீங்க. கவலைப்படாம போ, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றீங்கன்னு நெனச்சேன். அதான் ஓடுனேன்."

எங்களுக்கு ஆறுதலாக என்றால் மெதுவாக, அவசரப்படாமல். அவர்களுக்கு அது தேற்றும் சொல். நான் எச்சரித்தேன் என்று இரண்டு கிழமையாக என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். அவள் காதில் விழுந்ததோ தைரியம் சொன்னதுபோல. விளக்கிச் சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள். பிறகு தகடு வைத்த கையைப் பார்த்தாள். அடுத்த அறையில் யாரோ தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்கள்.

எழும்பி வரும்போது வாசலில் கேட்டாள், "மெதுவான்னா உங்களுக்குப் புரியுமாக்கா?"

"ஓம், அது விளங்கும்," என்றேன்.

சித்திரையில் அவளுக்கு ஸ்தவாங்கரில் வேறு வேலை கிடைத்தது. போய் ஒரு மாதத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. இங்கே எப்போதும் மழை, குடை நிற்காது, கடல்காற்றில் திரும்பிவிடுகிறது, ஆனால் விழுகிற தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது என்று எழுதியிருந்தாள். கை முழுதாகத் திரும்பவில்லையாம். போத்தல் மூடி திறக்கும்போது மட்டும் வலிக்கிறதாம். முனையத் தரிப்பிடத்தில் ஓய்வு நேரத்தில் அதை வாசித்தேன். தேத்தண்ணி ஆறும்வரை யோசித்துவிட்டு, மூடியைக் கதவிடுக்கில் வைத்துத் திறந்து பார், எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்வோம் என்று பதில் எழுதினேன்.